இருபத்தெட்டுக் காளைகளும் ஒரு ஜாக்கியும்

எலாதியா ஒவேலாரின் பஞ்சர் கடையில் யாரும் கத்தக் கூடாது. பராகுவேயின் சாக்கோ நெடுஞ்சாலையில் மாட்டு லாரி ஓட்டும் அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரியாமல் வருகிறவன் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்வான்.

காரணம் அவளுடைய தம்பி கிரெசென்சியோ. மூன்று வருடத்துக்கு முன் மாடு ஏற்றிய லாரி ஒன்றை அவன் ஜாக்கியில் தூக்கினான். சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியதும், சுற்றி நின்ற டிரைவர்கள் தலையை அண்ணாந்து சபுகாய் போட்டார்கள். கல்யாணமானாலும் கன்று பிறந்தாலும் பராகுவேக்காரன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கூவும் கூவல் அது. மாடுகள் மிரண்டு ஒரே பக்கமாக ஒதுங்கின. ஜாக்கி சாய்ந்தது. கிரெசென்சியோவின் கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

எட்டு மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதன் பிறகு அவன் எந்த லாரிக்கும் அடியில் போகவில்லை. டயர் கழற்றுவான், ஒட்டுப் போடுவான், காற்றடிப்பான். அடியில் படுக்கிற வேலை வந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். அதையெல்லாம் எலாதியாவே பார்த்துக்கொண்டாள். சாலை போட வந்த கூட்டத்துக்குச் சமைக்க வந்தவள் அவள். வேலை முடிந்து கூட்டம் போனபோது, அவர்களுடைய பழைய காற்று இயந்திரத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அடியில் படுக்காத லாரி வகை கிடையாது. டிரைவர்கள் அவளை மரியாதையாக 'ஞா' என்று கூப்பிட்டார்கள்.

அந்த வியாழக்கிழமை மட்டும் முடியவில்லை. முந்தின வாரம் மாட்டு வேலியில் தடுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருந்தது. அன்றைக்குப் பார்த்துத்தான் வில்ஃப்ரீதோவின் லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வந்து நின்றது.

"ஞா எலாதியா, பின்னாடி ஸ்பிரிங் பட்டை ஒடிஞ்சிருச்சு. யூ போல்ட்டும் போச்சு. உள்ள இருபத்தெட்டு காளை. இந்த வெயில்ல ரெண்டு மணி நேரம் நின்னா ஒண்ணொண்ணா விழுந்துரும்."

"எறக்கிட்டு வர்றதுதானே?"

"எறக்குற மேடை நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கு. ரோட்டுல எறக்குனா அப்புறம் பொலிவியாவுல போய்த்தான் புடிக்கணும்."

எலாதியா மாவுக்கட்டைப் பார்த்தாள். யாரைக் கேட்பது என்று யோசிக்கும்போதே பின்னாலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"நான் போறேன்."

"எங்க, தண்ணி குடிக்கவா?" என்றான் போர்ஃபிரியோ. நிழலில் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு டிரைவர்களில் வயதிலும் தொப்பையிலும் மூத்தவன் அவன்.

"நீ வாய மூடு. நீ அடியில போனா ஜாக்கியே வேணாம், தொப்பையே வண்டியத் தூக்கிரும்" என்றாள் எலாதியா. தம்பியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் வேண்டாமென்று சொல்லிவிடுவாள்.

முதலில் வானொலியை நிறுத்தினாள். நாட்டு அணியின் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் முனகியது.

"ஞா, கோல் விழுந்தா எப்படித் தெரியும்?"

"போர்ஃபிரியோ இயர்போனக் காதுல செருகிக் கேக்கட்டும். விழுந்தா தொப்பியக் கழட்டுவான். நீங்களும் தொப்பியக் கழட்டுங்க. எவன் தொண்டையாவது தொறந்துச்சு, அதுக்குள்ள கிரீஸ் துணியத் திணிச்சிருவேன்."

பிறகு வேலை. கைப்பிரேக் போட்டாகிவிட்டதா என்று அவளே ஏறிப் பார்த்தாள். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. சிவப்பு மண் ஜாக்கியை விழுங்கிவிடும் என்பதால் அடியில் கனத்த கேப்ராச்சோ பலகை, கோடரியையே பதம் பார்க்கும் மரம். திருகு ஜாக்கியை நேராக நிறுத்தி, கிரெசென்சியோ கம்பியைச் செருகிச் சுற்றினான். சேசிஸ் ஒவ்வொரு விரற்கடையாக ஏற ஏற, கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கி, முழுப் பாரத்தையும் கட்டைகள்மேல் உட்கார வைத்தாள். தூக்குவதோடு ஜாக்கியின் வேலை முடிந்தது. தாங்குவது கட்டையின் வேலை.

கிரெசென்சியோ சட்டையில் கையைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். அப்புறம் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். செருப்புக் கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன.

நாற்பது நிமிடம் நட்டுத் திருகும் சாவியின் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. பழைய போல்ட் வெளியே வந்தது. புதுப் பட்டை உள்ளே போனது. அப்போது போர்ஃபிரியோவின் தொப்பி தலையை விட்டுக் கிளம்பியது. பன்னிரண்டு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, ஊமைகளைப் போல வாயைப் பிளந்தார்கள். போர்ஃபிரியோ அழுதேவிட்டான்.

எலாதியா சிரிக்கப் போனவள், சட்டென்று சாலையின் எதிர்ப்பக்கம் திரும்பினாள். சாப்பாட்டுக் கடை! அங்கே பெரிய டிவி இருப்பதை அவள் மறந்தே போய்விட்டாள்.

அங்கே, வானொலிக்குச் சில நொடி பிந்தி, முப்பது தொண்டைகள் ஒன்றாகக் கூவின.

காளைகள் மிரண்டன. லாரி முழுக்க வலப்பக்கம் சாய்ந்தது. ஜாக்கி பலகையை விட்டு உருண்டு விழுந்தது. கட்டைகள் முனகின, ஒருமுறை, நீளமாக. பிறகு நின்றுவிட்டன. அடுக்கில் ஒன்றுகூட நகரவில்லை.

செருப்புக் கால்கள் அசையவில்லை. எலாதியா லாரியை நோக்கி ஓடினாள்.

"யாருடா கோல் போட்டது?" என்றது அடியிலிருந்து குரல்.

"வெளிய வாடா!"

"இன்னும் ரெண்டு நட்டு இருக்கு."

"வான்னு சொல்றேன்ல!"

"அக்கா, இப்ப வெளிய வந்தேன்னா மறுபடி உள்ள போக மாட்டேன். எனக்குத் தெரியும். முடிச்சிட்டே வர்றேன்."

அவள் அடுக்கைச் சுற்றிவந்து ஒவ்வொரு கட்டையையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். அசைவில்லை. "சரி. நீ வர்ற வரைக்கும் ஜாக்கிய எவனும் தொட மாட்டான்" என்று சொல்லி, மண்ணில் மண்டியிட்டு, இடது கையால் பத்தொன்பதாம் நம்பர் சாவியை நீட்டினாள். உள்ளேயிருந்து வந்த கை சாவியைச் சரியாக வாங்கிக்கொண்டது.

கால் மணி நேரத்தில் அவன் முகமெல்லாம் சிவப்பு மண்ணோடு வெளியே வந்தான். ஜாக்கியை மறுபடி நிறுத்தித் தூக்கி, கட்டைகளை எடுத்து, லாரியை இறக்கினார்கள். இருபத்தெட்டுக் காளைகளும் நின்றபடியே கிளம்பின.

வரிசையில் அடுத்து நின்ற டிரைவர் தயங்கினான். "என் வண்டியில அடியில எண்ணெ ஒழுகுது. ஞா, உங்க கை சரியானதும் வரட்டுமா?"

"எதுக்கு?" என்றான் கிரெசென்சியோ. "வண்டிய சமதரையில நிறுத்து. அந்தக் கட்டையப் புடி."

எலாதியா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். கிரீஸ் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சாலையைக் கடந்து சாப்பாட்டுக் கடையை நோக்கி நடந்தாள். அடுத்த ஆட்டம் செவ்வாய்க்கிழமை.