பாய்க்காகப் படித்த சட்டம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பெரியகுளத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு எனக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. உள்ளே சர்டிஃபிகேட். அறிவுசார் சொத்துரிமை மற்றும் தொழில்நுட்பச் சட்டத்தில் நான் தேறிவிட்டேனாம். வெளியூர்ச் சட்டக் கல்லூரி ஒன்று தபால் வழியில் நடத்தும் ஒரு வருஷப் படிப்பு அது.

ஐம்பத்து மூன்று வயதில் பாஸ்! ஆபீஸில் என்னை மைசூர்பாகு வாங்க வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்கள். வீட்டில் மனைவி, "ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டுவோம்" என்றாள். நான் அதை உறையோடு பீரோவில், அவளுடைய பட்டுப் புடவைகளுக்கு அடியில் தள்ளினேன். ஏன் என்று கேட்டாள். பீரோவைச் சாத்தினேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

கம்பத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். மோட்டார், மருந்தடிக்கும் மெஷின் எல்லாம் ரிப்பேர் பார்ப்பார். ஊருக்கே அவர் 'பாய்'. எனக்கும்தான். அவருடைய மச்சான் ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போகிறவர். திராட்சைக் கொடி தலைக்கு மேலே பந்தலில் படர்ந்திருக்கும். அண்ணாந்துதான் அடிக்க வேண்டும். அடிக்கிற மருந்தில் பாதி அடிக்கிறவர் முகத்திலேயே சொட்டும். வருஷக் கணக்கில் அப்படிச் சொட்டியதில் மச்சானுக்கு ஒரு கண் மங்கிப் போனது.

பாய் அதன் பிறகு சும்மா இருக்கவில்லை. மருந்து பீய்ச்சும் முனையைச் சுற்றி ஒரு கிண்ணம் பொருத்தினார். சொட்டுகிற மருந்து கிண்ணத்தில் விழும். அடியில் உள்ள சின்னக் குழாய் வழியாக, முதுகில் சுமக்கும் டேங்குக்கே திரும்பிவிடும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! இத்தனை காலம் ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

அவர் எதைச் செய்தாலும் முதலில் எனக்குத்தான் காட்டுவார். இதையும் காட்டினார். நான் சும்மா இருப்பேனா? பத்தி எழுதுகிறவன் ஆயிற்றே... அடுத்த வாரமே இதே பக்கத்தில் அவரைப் பற்றி எழுதினேன். வாசித்த ஞாபகம் உங்களில் சிலருக்கு இருக்கும். கிண்ணம் எந்த அளவு, குழாய் எங்கே இணைகிறது, எவ்வளவு சாய்வு — ஒன்று விடவில்லை. படம்கூட நானே வரைந்தேன்.

நான் குறிப்பெடுத்த அன்றைக்கே அவர் கொஞ்சம் தயங்கினார். "எல்லாத்தையும் எழுதணுமா சார்?" என்றார்.

"வாசகர்களுக்குப் புரிய வேண்டாமா பாய்?" என்றேன். பெரிய மேதை!

ஒரு வருஷம் போனது. ஒரு நாள் பாய் பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் சிவப்பு பிளாஸ்டிக்கில் அதே கிண்ணம், அதே குழாய். ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது.

"சார், இது நம்ம சாமான்தான? கடையில கேட்டா, கம்பெனிக்காரக கண்டுபிடிச்சாகன்னு சொல்றாக. பேடன்ட்னு ஒண்ணு இருக்காமே... அத நாம வாங்க முடியாதா? எனக்குக் காசு கீசு வேணாம் சார். அதுல எம் பேரு இருந்தாப் போதும்."

"நான் பார்த்துக்கொள்கிறேன் பாய்" என்று வாக்குக் கொடுத்தேன். அதற்காகத்தான் அந்தப் படிப்பில் சேர்ந்தேன். பாய் வாரம் தவறாமல் போன் செய்வார். "எத்தனாவது பாடம் சார் ஓடுது?" மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்ட தகப்பன் மாதிரி விசாரிப்பார்.

மதுரையில் இரண்டு நாள் நேர்முக வகுப்பு. காப்புரிமைப் பாடம் எடுத்த அம்மையாரிடம், என் நண்பர் ஒருவருக்காக என்று சொல்லி விஷயத்தைக் கேட்டேன்.

"விண்ணப்பிக்கும் முன்னால் இது எங்கேயாவது பிரசுரமாகியிருக்கிறதா?"

"ஒரு வாரப் பத்திரிகையில்... அவர் சம்மதத்தோடுதான்."

"எப்படி வேலை செய்கிறது என்று விளக்கமாகவா?"

"ரொம்ப விளக்கமாக. படத்தோடு."

அவர் பேனாவை மூடினார். "அப்படியானால் அது புதுசு இல்லை. உங்கள் நண்பருக்கும் கிடைக்காது, அந்தக் கம்பெனிக்கும் கிடைக்காது. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். பாவம்... எழுதினவர் சட்டம் தெரிந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கக் கூடாதா? யார் அது?"

"தெரிந்தவர்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு பாயின் போனை நான் எடுக்கவில்லை. வெட்கக்கேடுதான், ஒத்துக்கொள்கிறேன். பரீட்சையில் ஒரு கேள்வி: முன்கூட்டியே வெளியிடுவதால் காப்புரிமைக்கு நேரும் விளைவை உதாரணத்துடன் விளக்குக. நான்கு பக்கம் எழுதினேன். கை நிற்கவே இல்லை. எனக்கு அதிக மார்க் வாங்கிக் கொடுத்தது அந்தத் தாள்தான். இப்போது புரிகிறதா, அந்த சர்டிஃபிகேட்டை ஏன் சுவரில் மாட்ட முடியவில்லை என்று?

தபால் வந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாய் கைத் துணியால் ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்தக் கம்பெனிக்காரக மேல தப்பில்லையா சார்?"

"சட்டப்படி இல்லை பாய்."

"எம் மேல?"

"உங்கள் மேல் என்ன தப்பு?"

மூன்றாவதாக ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அவர் கேட்கவில்லை. போல்ட்டைத் துடைத்து முடித்து, "டீ சொல்லவா?" என்றார். திட்டியிருக்கலாம். அவர் திட்டாமல் விட்டதில்தான் பஸ்ஸில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார், தூசி என்று நினைத்து.

சென்ற வாரம் மறுபடி போனேன். பாய் தரையில் உட்கார்ந்து எதையோ பொருத்திக்கொண்டிருந்தார். புதுசாக ஏதோ ஒன்று. என் செருப்புச் சத்தம் கேட்டதும் பக்கத்தில் கிடந்த சாக்கை இழுத்து அதன் மேல் போட்டார். அவசரமில்லாமல், சாதாரணமாக. பிறகுதான் நிமிர்ந்து, "வாங்க சார்" என்றார்.

சட்டப்படி அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஒரு வருஷம் படித்து நான் கற்றுக்கொண்டதை அவர் ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டார். அந்தச் சாக்கைப் பார்க்காதது போல் கொஞ்ச நேரம் மழை, மச்சானின் கண் என்று பேசிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கும்போது, நடந்ததையெல்லாம் பத்தியில் எழுதலாமா என்று கேட்டேன். இந்த முறையாவது கேட்டுவிட்டு எழுத வேண்டும் அல்லவா?

பாய் யோசித்தார்.

"எழுதுங்க சார். நாலு பேரு தெரிஞ்சுக்கிறட்டும்... எம் பேர மட்டும் போட்டுறாதீக."