சரஸ்வதி காவலில் நூற்று நாற்பது புத்தகங்கள்

ஹௌராவில் எங்கள் சந்துக்கென்று ஒரு சங்கம் உண்டு. பெயர் இளைஞர் சங்கம். உறுப்பினர்களில் மிக இளையவருக்கு வயது நாற்பத்தெட்டு. கேரம் பலகையும் தொலைக்காட்சியும் உள்ள ஒற்றை அறையில் சமுதாயத்துக்காக ஓயாமல் உழைத்து வந்தோம்.

அதைக் கெடுக்க வந்தவர் ரேபா சர்க்கேல். தபால் நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் கடிதம் பிரித்து, எவர் கிறுக்கலையும் படித்துத் தேறி ஓய்வு பெற்றவர். சந்துக்கே ரேபாதி, அதாவது ரேபா அக்கா. மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பதினோரு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, மாலை நான்கு முதல் ஆறு வரை அறை வேண்டும் என்றார். பாதிப் பேர் கால்பந்து பார்க்கப் போயிருந்ததால் பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறித் தொலைந்தது. செயலாளர் பொட்லாதா, அதாவது பொட்லா அண்ணன், ஒரு நிபந்தனையைச் செருகினார்: மூன்று மாதம் கழித்துப் பிள்ளைகள் எங்கள் முன் படித்துக் காட்ட வேண்டும், ஒரு பிள்ளை திணறி நின்றாலும் அறை கேரத்துக்கு.

பிறகு எங்களாலான ஒத்துழைப்பைக் கொடுத்தோம். தினமும் சரியாக நான்கு மணிக்கு ஃபியூஸ் போனது. பாய் முழுக்க கேரம் பவுடர் கொட்டிக் கிடந்தது.

"பென்ஷன் வருதில்ல ரேபாதி? காசி, கயான்னு போகலாமே," என்றார் பொட்லாதா.

"உன்னைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரலப்பா."

சரஸ்வதி பூஜை வந்தது. அம்மன் காலடியில் வைத்த புத்தகத்தைப் பூஜை முடியும்வரை தொடக்கூடாது. அதுவரை புத்தகத்தை ஏறெடுத்தும் பார்க்காத உறுப்பினர்கள் பக்திப் பரவசத்தில் ரேபாதி பிள்ளைகளுக்காக வைத்திருந்த அலமாரியையே காலி செய்து, நூற்று நாற்பது புத்தகங்களையும் அம்மன் முன் அடுக்கிப் பூப்போட்டார்கள். மறுநாள் சிலையைக் கங்கையில் கரைக்க வேண்டும்; அதோடுதான் பூஜை முடியும். மே தின மேடையில் கடவுள் இல்லை என்று முழங்கும் பொட்லாதா பஞ்சாங்கத்தை விரித்து, நாள் சரியில்லை என்றார். அடுத்த நாள் வண்டி இல்லை. அதற்கடுத்த நாள் மேளக்காரர் இல்லை. இப்படிப் பன்னிரண்டு நாள்.

"கரைக்கிற வரைக்கும் புத்தகத்துல கை வெச்சா பாவம் ரேபாதி."

ரேபாதி சண்டை போடவில்லை. பிள்ளைகளைச் சந்தில் இறக்கிச் சுவர்களைப் படிக்க வைத்தார். மூலநோய் விளம்பரம், அழிந்துபோன தேர்தல் எழுத்து, தாத்தா காலத்துக் கடைப் பலகைகள் என்று எதையும் விடவில்லை.

"மூலத்துக்கு மருந்து படிக்கிறாங்கப்பா. சந்துக்குப் பதினோரு டாக்டர்," என்று டீக்கடையில் சிரித்தோம்.

சோதனை நாள். அம்மன் அசையாமல் காவல் இருந்தாள்.

"புத்தகம் இல்லையே, என்ன செய்யலாம்?" என்று பொட்லாதா உச்சுக்கொட்டினார். பிறகு, பிள்ளைகளிலேயே மந்தம் என்று பேரெடுத்த டுக்டுகியை அழைத்தார். பரிசுக் கோப்பைகளுக்குப் பின்னால் தூசி படிந்து ஒரு பலகை தொங்கியது. சங்கத்தைத் தொடங்கியவர்கள் எழுதி வைத்த விதிகள். பெரியவர்களே திணறும் பழைய ஏட்டு வங்காளம். எங்களில் ஒருவரும் படித்ததில்லை. "பலகையில படிக்கலாம், பாவமில்ல. எங்கே, நடுவுல ஒரு விதியைப் படி."

டுக்டுகி விரலை நீட்டினாள். "செய...லாளர்... எவரும்... ஈராண்டுக்கு... மேற்பட்டுப் பதவி... வகித்தல்... ஆகாது."

பொட்லாதா செயலாளராகிப் பத்தொன்பது வருடம். துணைச் செயலாளராகக் கேஷ்டோ காத்திருப்பதும் பத்தொன்பது வருடம். கேஷ்டோ டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நிறுத்தாதம்மா. அடுத்த வரியையும் படி."

"தேர்தல்... நடத்தா...விடில்..."

"போதும், போதும்," பொட்லாதா எழுந்துவிட்டார். "அருமையா படிக்குது. எல்லாரும் பாஸ்."

"இன்னும் பத்துப் பேர் இருக்காங்க பொட்லா," என்றார் ரேபாதி. "விதியும் நிறைய இருக்கு."

அன்று ஐந்து மணிக்கே நல்ல நேரம் பிறந்தது. அம்மன் மேளமில்லாமல் கங்கைக்குப் போனாள். அறை நிரந்தரமாக ரேபாதிக்கு என்று தீர்மானம் போட்டோம். சங்கச் சுவரில் தொங்கும் எதையும் பிள்ளைகள் படிக்கக்கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை மட்டும் அதில் இருந்தது. எதிர்த்துக் கை தூக்கியவர் கேஷ்டோ ஒருவரே.