இடது கார்னருக்கு ஒரு ஆள்

எனக்கு மனிதர்கள் முதலில் காலாகத்தான் தெரிவார்கள். உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறினால் எதிரில் இருப்பவரின் முகம் மனதில் நிற்காது. எந்தக் காலை முதலில் படியில் வைத்து இறங்கினார் என்பது நிற்கும். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு டிராக்டர் மேலிருந்து குதிக்கிறவர்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்று வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். “எல்லாரும் மூஞ்சியப் பாத்துப் பேசுவாங்க. நீ முட்டிக்குக் கீழயே பாத்துக்கினு நிக்கற. யாராவது தப்பா நெனச்சிக்கப் போறாங்க” என்பார். அவருக்கென்ன, அவர் வேலை பார்ப்பது கூட்டுறவு வங்கியில். அங்கே முகம் போதும்.

என் வேலை அப்படிப்பட்டதில்லை. தொழில்முறை கபடி அணி ஒன்றுக்காக, வருடா வருடம் வீரர்கள் ஏலத்துக்கு முன்னால், இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் யார் நன்றாகப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன். பாடி வருகிறவர்களைப் பார்க்க ஊரே இருக்கிறது. விசிலும் கைதட்டலும் அவர்களுக்குத்தான். பிடிக்கிறவர்களைப் பார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் கல்லூரி அணியில் கார்னர் ஆடியவள். கோட்டோரம் மூலையில் நின்று, பாடி வருகிறவனின் கணுக்காலைப் பாய்ந்து பிடிக்கிற இடம் அது. மூலையில் நிற்பவன் தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் இருப்பவனோடு கைகோத்துக்கொண்டுதான் நிற்பான். அந்தப் பக்கத்து ஆளுக்கு ‘இன்’ என்று பெயர். அவனை யாரும் கவனிப்பதில்லை. உண்மையைச் சொன்னால் நானும் கவனித்ததில்லை.

இந்த வருடம் அணியின் மேலாளர் சென்னையிலிருந்து போன் செய்து ஒரே விஷயம்தான் சொன்னார். இடது கார்னருக்கு ஒரு ஆள் வேண்டும், ஏலத்துக்கு முந்தைய முகாமுக்கு. “கைகோத்துக்கினு பத்திரமா ஆடற பசங்க எங்ககிட்ட ஜாஸ்தியாவே இருக்காங்க. துணிஞ்சி பாயறவனா பாருங்க. ஒரே ஒரு வீடியோ அனுப்புங்க, போதும்” என்றார்.

என் மனதில் ஏற்கெனவே ஒரு பையன் இருந்தான். கள்ளக்குறிச்சிக் கல்லூரி ஒன்றில் கடைசி வருடம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அந்தாண்டை ஒரு சின்ன ஊர்க்காரன். படிப்பு முடிந்ததும் அண்ணன்களோடு குடகுக்குக் காபி எஸ்டேட் வேலைக்குப் போவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. முகாமுக்குக் கூப்பிட்டால் கபடி, கூப்பிடாவிட்டால் காபி. இதை அவனே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டி அந்தக் கல்லூரி மைதானத்திலேயே நடந்தது. பையன் பிழையே செய்யவில்லை. பாய்ந்தால் கால் கையில் இருக்கும். பிடிக்க முடியாத காலை அவன் தொடுவதுகூடக் கிடையாது. பார்க்கிறவர்கள் மெச்சினார்கள். எனக்கு என்னவோ உறுத்தியது. பிழையே செய்யாத கார்னரை நான் கண்டதில்லை. நானெல்லாம் பாதி ஆட்டம் மண்ணைத்தான் பிடித்திருக்கிறேன். இந்த வயதில் இவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது? பிறந்ததிலிருந்தே பார்த்துவந்த காலை விட்டுவிட்டு, அன்று முதல்முறையாகக் கையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அவனோடு கைகோத்து நின்றவன் களமருதூர்ப் பையன். நெல் விவசாயக் குடும்பம். ஒல்லியாக, பரீட்சை எழுத வந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பான். மலைப் பையன் பாய்கிறபோதெல்லாம் அதற்குச் சற்று முன்னால் இரண்டு கைகளுக்கும் இடையில் ஏதோ நடந்தது. கிள்ளுகிறானா, அழுத்துகிறானா? பந்தலில் உட்கார்ந்து கண்ணைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் புரியவில்லை.

புரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மறுநாள் காலைப் பயிற்சிக்குப் போய், கல்லூரியின் பி.டி. சாரிடம், நான் கொஞ்ச நேரம் கார்னரில் நிற்கட்டுமா என்று கேட்டேன்.

“இன்னாம்மா, வெளையாடறீங்களா?” என்றார்.

“ஆமாங்க சார், வெளையாடத்தான் கேக்கறேன்.”

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மூலையில் போய் நின்றேன். களமருதூர்ப் பையன் கையைக் கால்சட்டையில் நாலு முறை துடைத்தான். பிறகு சுடுபாத்திரத்தைத் தொடுவதுபோல என் விரல் நுனியைப் பிடித்தான். மற்ற பையன்கள் வாய்க்குள் சிரித்தார்கள்.

“தம்பி, அவன எப்படிப் புடிப்பியோ அப்படிப் புடி. நான் ஒண்ணும் ஒடஞ்சி பூட மாட்டேன்” என்றேன்.

பிடித்தான். அப்பா, என்ன பிடி! பாடி வந்தவன் காலை நீட்டினான். எனக்கு உடனே பாய வேண்டும்போல இருந்தது, கை விடவில்லை. அவன் மறுபடி நீட்டினான், அப்போதும் விடவில்லை. மூன்றாவது தரம் நீட்டியபோது அந்தப் பிடி சட்டென்று தளர்ந்தது. என் வயதை மறந்து உடம்பு தானாகப் போய் விழுந்தது. கணுக்கால் என் கையில் இருந்தது, முழங்கைத் தோல் தரையில் இருந்தது. இன்னொரு முறை நின்று பார்த்தேன். அப்போதும் கை தளர்ந்ததும் பாய்ந்தேன், கால் கிடைத்தது. இத்தனை வருடம் கழித்து இவ்வளவு சுலபமாகப் பிடிக்கிறேனே என்று குழந்தைபோலச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் யோசனை வந்தது. பிடித்தது நானா, இவனா?

பயிற்சி முடிந்ததும் அவனைத் தனியாகக் கேட்டேன். “எப்பப் பாயணும்னு நீதான் முடிவு பண்றியா?”

“அப்டியெல்லாம் இல்ல மேடம். அவன் கொஞ்சம் அவசரக்காரன். நான் புடிச்சி வெப்பேன். அவ்ளோதான்.”

“புடிக்காம வுட்டா?”

“வுட்டா தோத்துடுவோம் மேடம்” என்றான். அதில் பெருமை எதுவும் இல்லை. மழை வந்தால் நனைவோம் என்பதுபோலச் சொன்னான்.

அவசரக்காரன் என்ற சொல் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. மேலாளர் கேட்டதும் அவசரக்காரனைத்தானே? ஞாயிற்றுக்கிழமை மலைப் பையன் ஊரில் கபடி என்று கேள்விப்பட்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். வளைவுக்கு வளைவு வேலையைச் சபித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

அவர்கள் ஆடுகிற இடத்தைப் பார்த்ததும் சபித்ததெல்லாம் மறந்துபோயிற்று. மைதானம் சரிவில் இருந்தது. சமமாக இருந்த நிலத்திலெல்லாம் மரவள்ளி நின்றது. எதுவும் விளையாத சரிவுதான் கபடிக்கு மிஞ்சியிருக்கிறது. மேல் பாதியில் ஓர் அணி, கீழ்ப் பாதியில் ஓர் அணி. கீழேயிருந்து பாடி ஏறுகிறவன் மெதுவாகத்தான் வருவான். ஆனால் திரும்பிவிட்டால் சரிவே அவனைக் கொண்டுபோய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் சேர்த்துவிடும். திரும்பட்டும் என்று காத்திருக்கிறவனுக்கு எதுவும் மிஞ்சாது. கால் மண்ணில் படும்போதே பாய்ந்தாக வேண்டும். கைகோத்து நிற்பதும் அங்கே கிடையாது, கைகோத்தால் இரண்டு பேரும் சேர்ந்து உருள வேண்டியதுதான்.

அங்கேதான் அந்தப் பையனை நான் முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். நிறையத் தவறவிட்டான். மண்ணைத் துப்பிவிட்டு எழுந்து சிரித்தான். ஆனால் கிடைத்த கால்கள் இருக்கின்றனவே, அவை தரையில் ஊன்றுவதற்கு முன்பே அவன் கைக்குள் போய்விட்டன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் கல்லூரியில் ஏன் இப்படி ஆடுவதில்லை என்று கேட்டேன்.

“அங்க தரை சமமா இருக்குதுங்க. முந்திப் போனா ஏமாத்திட்டுப் பூடறாங்க. அவன் கையில இருந்தா ஜெயிக்கறோம்” என்றான். அவனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

நிதானத்தை முகாமில் பழக்கிக்கொள்ளலாம். கால் ஊன்றுவதற்கு முன் கிளம்புகிற உடம்பை யார் பழக்குவது? எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. ஆனால் மேலாளருக்கு எப்படித் தெரிவது? மரவள்ளிக் கொல்லைக்கு நடுவில் எடுத்த வீடியோவை அனுப்பினால் மேடு எது பள்ளம் எது என்று கேட்பார். முறையான ஆட்டம் வேண்டும். மிச்சமிருந்தது இறுதி ஆட்டம் ஒன்றுதான்.

அன்று காலை களமருதூர்ப் பையனைப் பார்த்து, மலையில் கண்டதைச் சொன்னேன். மேலாளர் எப்படிப்பட்ட ஆளைக் கேட்கிறார் என்பதையும் சொன்னேன். கையை விடு என்று சொல்ல வாய் வரவில்லை. அவனுக்கும் அது கடைசி வருடம். அந்தக் கோப்பை அவர்கள் கல்லூரிக்கு அதுவரை வந்ததில்லை. அவன் கேட்டுவிட்டு, “அங்க போயிப் பாத்தீங்களா மேடம்” என்று மட்டும் சொன்னான்.

முதல் பாதி வழக்கம்போலச் சுத்தமாக நடந்தது. நல்ல முன்னிலை. பி.டி. சார் என்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். இரண்டாம் பாதி தொடங்கியதும் மலைப் பையன் பழக்கத்தில் கையை நீட்டினான். மற்றவன் அதைப் பிடிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி நின்றான். மலைப் பையன் வெறும் கையைப் பார்த்தான், அவன் முகத்தைப் பார்த்தான். அதற்குள் பாடுகிறவன் வந்துவிட்டான்.

முந்திப் பாய்ந்தான், கால் கிடைக்கவில்லை. எதிரணிக்குப் புள்ளி. திரும்ப உள்ளே வந்தபோதும் அப்படியே. “கையப் புடிடா, டேய், கையப் புடி” என்று பி.டி. சார் தொண்டை கிழியக் கத்தினார். களமருதூர்ப் பையன் காது கேளாதவன்போல நின்றான். நான் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் வந்தான். அவன் காலைத் தூக்கினான். அது கீழே வருவதற்குள் கணுக்காலில் இரண்டு கைகள் இருந்தன. பந்தலே எழுந்து நின்றது. அதற்குப் பிறகு பிடித்தான், தவறவிட்டான், மறுபடி பிடித்தான். எதிரணிப் பையன்கள் மூலைப் பக்கம் வரவே யோசித்தார்கள். இருந்தும் போன புள்ளிகள் போனவைதான். கல்லூரி தோற்றது.

“நல்லா இருந்த டீமு. கெடுத்துட்டீங்களேம்மா” என்றார் பி.டி. சார்.

சாயங்காலம் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் களமருதூர்ப் பையன் உளுந்தூர்பேட்டை பஸ்ஸுக்கு நின்றான். எனக்கும் அதே பஸ்தான். பக்கத்தில் போய், “நான் சொன்னதாலயா தம்பி வுட்ட?” என்று கேட்டேன்.

“நீங்க ஒண்ணும் சொல்லலியே மேடம்” என்றான். பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி தானாகவே பேசினான். “நீங்க என் கையத்தான் புடிச்சிப் பாத்தீங்க. அவன் கையப் புடிச்சிப் பாத்ததில்ல. ஒவ்வொரு ரெய்டுக்கும் இழுத்துக்கினே இருக்கும். அது போவணும்னு இழுக்குதுன்னு எனக்குத் தெரியும் மேடம். ஜெயிக்கணுமேன்னு புடிச்சி வெச்சிக்கினு இருந்தேன்.”

எனக்கு அழுகை வந்தது. பஸ் வந்துவிட்டதால் தப்பித்தேன்.

வீடியோவை அனுப்பிய மறுநாளே மேலாளர் கூப்பிட்டார். பையனை முகாமுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஏலத்துக்கும் அவன் பெயர் போகும் என்றார். “மலையில இருந்து எங்கம்மா புடிச்சீங்க இவன” என்று சிரித்தார். குடகு இல்லை என்று நான் மனதுக்குள் ஆயிரம் முறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் கேட்டார்.

“பக்கத்துல ஒருத்தன் கையக் கட்டிக்கினு மரம் மாதிரி நிக்கறானே, அவன் யாரு? கபடியே தெரியாது போல. நல்ல ‘இன்’ ஒருத்தன் இருந்திருந்தா இந்தப் பையன் இன்னும் நாலு காலு புடிச்சிருப்பான்.”

“சார், நான் பாத்ததுலயே நல்ல ‘இன்’ அவன்தாங்க” என்றேன்.

அவர் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு போனை வைத்தார்.