மஞ்சள் கயாக்கின் ஆள்

மாவலி கங்கை கடலோடு சேருமுன் கொஞ்சம் தயங்கி நிற்கிற இடத்தில், மூதூர்ப் பக்கமாக, ஸஜ்ஜாத் கயாக் வாடகைக்கு விடுகிறார். வாடகைக்கு விடுகிறார் என்பது பாதி உண்மை. வருகிறவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவதுதான் அவருடைய தொழில். மற்றப் பாதிப் பேரால் அடுப்பெரிகிறது.

கங்கை பொல்லாத நாளில்தான் அழகாயிருக்கும். மலைநாட்டில் கொட்டிய மழை இங்கே வந்து சேரும்போது மூதூரில் வெயில் எறிக்கும். மேலே தண்ணீர் மினுங்கும், அடியில் இழுக்கும். ஸஜ்ஜாத் நிறத்தைப் பார்ப்பார். பாலில்லாத வெறுந்தேத்தண்ணி நிறம் பால்தேத்தண்ணியாகி, ஆற்றுவாழைப் பூண்டு கூட்டமாக மிதந்து வந்தால், "புதுத்தண்ணி வருது, இண்டைக்கு ஏலா" என்பார். வந்தவர்களோ வானத்தைப் பார்ப்பார்கள். ஆற்றைப் பற்றிய சந்தேகத்தை அண்ணாந்து பார்த்துத் தீர்த்துக்கொள்வது இந்தப் பக்கத்துப் பழக்கம். அப்படித் தீர்த்துக்கொண்டு இறங்கிய வங்கி உத்தியோகத்தர் சிலரை மீனவர்கள் கண்டல் மரவேர்களுக்குள்ளிருந்து உரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் ஸஜ்ஜாத் பொய் சொல்லத் தொடங்கினார்.

முன்னொரு வெள்ளத்தில் மஞ்சள் கயாக் ஒன்று கயிறறுத்துக்கொண்டு முகத்துவாரம் வரை போயிருந்தது. வெள்ளம் இறங்கியதும் கடலேற்றத்தோடு தானாகவே திரும்பி வந்து துறையில் முட்டியது. போகும்போதும் அதில் எவருமில்லை, வரும்போதும் எவருமில்லை. ஸஜ்ஜாத் அதில் ஓர் ஆளை ஏற்றினார். "இதில போன ஆள் வரல்ல. புதுத்தண்ணி நாளையில வந்து கயாக்கைத் தேடும்" என்றார். அவனுடையதென்று ஒரு மிதவை ஜக்கெட்டை ஆணியில் மாட்டி, எவரையும் தொடவிடவில்லை. ஆற்றை நம்பாதவர்கள் பேயை உடனே நம்பினார்கள். நீச்சல் சான்றிதழ் உள்ளவர்கள்கூட வாகனத்தில் ஏறிப் போனார்கள்.

கதையில் வந்த அந்த ஆள் மட்டும் போகவில்லை. ஸஜ்ஜாத் அவனுக்கு முகம் கொடுத்திருக்கவில்லை; முகமில்லாதவன் எங்கேயும் நிற்கலாம். பின்னேரம் எல்லாக் கயாக்கையும் கரையேற்றிய பிறகும் அவர் துறையில் நிற்பார். தண்ணீர் கட்டையில் தட்டும். திரும்பிப் பார்ப்பார்.

"எல்லாரும் வந்தாச்சே, ஆரப் பாக்கிறீங்க?" என்றாள் மனைவி பஸ்மியா.

"ஒராள் மிச்சம்."

"அந்த ஒராள நீங்கதானே உண்டாக்கினீங்க!"

"ஓம். அப்ப வேற ஆரு அவனுக்காக நிக்கிற?"

இந்த மார்கழியில், ஆறு பால்தேத்தண்ணியாக ஓடிய ஒரு பகலில், திருகோணமலை டவுனிலிருந்து கஜீபன் என்பவன் இரண்டு கூட்டாளிகளோடும் போனோடும் வந்திறங்கினான்.

"நானா, அந்த மஞ்சள் கயாக் எங்க? புதுத்தண்ணி நாளிலதானே அந்தாள் வருவாராம். வீடியோ எடுக்கத்தான் வந்தனாங்கள்."

பொல்லாத நாளுக்கு ஸஜ்ஜாத் போட்ட வேலியே அந்த நாளுக்கு விளம்பரமாகிவிட்டது.

"தம்பி, அது பொய். நான் கட்டின கதை."

"பேய் இருக்கிற இடத்தில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்!" கூட்டாளிகள் சிரித்தார்கள்.

"பேய விடுங்க. தண்ணி இழுக்குது."

"வானத்தைப் பாருங்கோ நானா!"

சொல்லிக்கொண்டே கஜீபன் ஆணியிலிருந்த ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு மஞ்சள் கயாக்கை இழுத்தான். அதன் மூக்கு தண்ணீரைத் தொட்டதும், ஆரோ பிடித்துத் திருப்பியதுபோல் கடல் பக்கம் திரும்பியது. ஸஜ்ஜாத் துறைக்கட்டைக்குக் குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கை எடுத்தார். கயாக்கின் மூக்கில் ஓங்கிக் குத்தினார். இன்னொரு தரம் குத்தினார்.

"நானா, உங்களுக்கென்ன பைத்தியமே?"

"ஓம். ஜக்கெட்டைக் கழட்டுங்க. அது ஒராள்ட சாமான்."

இதை அவர் நடிப்பில்லாமல் சொன்னார். கஜீபன் அவசரமாகக் கழற்றினான். அவன் நிமிர்ந்தபோது ஒரு முழு மருதமரம், வேரோடு, ஒரு சத்தமுமில்லாமல் அவர்களைக் கடந்து கடலுக்குப் போனது. எவரும் வீடியோ எடுக்கவில்லை.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கரையில் கிடந்த மஞ்சள் கயாக்கின் ஓட்டைகளில் வாடைக்காற்று புகுந்து ஊதத் தொடங்கியது. தூரத்தில் ஆரோ பெயர் சொல்லாமல் கூப்பிடுவதுபோல் இருந்தது. தோணிக்காரர் அபூதாஹிர் அந்தப் பக்கம் வலை போடுவதை விட்டார்.

ஓட்டை, காற்று, அலவாங்கு எல்லாம் ஸஜ்ஜாத்துக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நித்திரை வராமல் புரண்டார்.

"ஒரு துணியை வெச்சி அடைங்களேன்" என்று பஸ்மியா பழஞ்சாரத்தைக் கிழித்துக் கொடுத்தாள். அதைக் கொண்டுபோனவர் துணியோடேயே திரும்பி வந்தார்.

"அடைக்கல்லையா?"

"சத்தம் கேட்டா ஒருத்தனும் இறங்க மாட்டான்."

நல்ல காரணம்தான். ஆனால் விடிந்து பஸ்மியா துறைக்குப் போனபோது ஆணி வெறுமையாயிருந்தது. ஜக்கெட் தண்ணீரோரக் கட்டையில், ஆற்றிலிருந்து கையை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தக் காரணம் போதாது.