வெள்ளைக்கு மை கிடையாது

பிரிண்டர் துப்பிய தாளை மேஸ்திரி கையில் வாங்கியவுடன் பார்க்கமாட்டார். ஓரங்களைப் பிடித்துக்கொண்டு கடை வாசலுக்குப் போவார். ஈரம் காய்வதற்குள் நிறத்தைப் பற்றிப் பேசுகிறவன் பெயிண்டரே இல்லை என்பது அவர் கட்சி. வெயிலில் காட்டி, சாய்த்து, தள்ளிப் பிடித்து, கடைசியில் உதட்டைப் பிதுக்குவார்.

"மஞ்சள் அடிக்குது. வேற மெஷின் போடு தம்பி."

நான்காவது கடை இது. இங்கே இரண்டு மெஷின் பார்த்தாகிவிட்டது. அவர் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் மேஸ்திரி. சுவர் சுரண்டும் கூலியாக ஆரம்பித்து, இன்று பதினோரு பேருக்கு வேலை கொடுக்கிறார். கம்பெனிக்காரன் கொடுக்கும் நிற அட்டையைப் பிரித்துப் பார்த்ததில்லை. வாளியில் விரலை விட்டு நகத்தில் தடவிப் பார்ப்பார், போதும். "என் கண்ணு தப்புச்சுன்னா சூரியன் மேக்க முளைச்சிருச்சுன்னு அர்த்தம்!" கேட்டுக் கேட்டு ஆட்களுக்குக் காது புளித்துவிட்டது.

ஆனால் போன மூன்று மாதத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள், கேட்ட நிறம் இதுவல்ல என்று சுவரை மறுபடி அடிக்கச் சொன்னார்கள். "ஒருதடவ கண்ணைக் காட்டிட்டு வந்துரலாங்க" என்றாள் மனைவி. "காட்ட வேண்டியது என் கண்ணை இல்ல, என் வேலையை" என்று கிளம்பியவர்தான். முடித்த வீடுகளின் போட்டோக்களை வீட்டிலேயே அச்சிட்டு, பழைய படங்களுக்கும் நகல் எடுத்து, சந்தேகப்படுகிறவன் முன்னால் ஆல்பமாக விரித்துப்போட வேண்டும். அதற்குத்தான் ஆல்-இன்-ஒன் பிரிண்டர். சோதனைக்கு எந்தக் கடையிலும் ஒரே படம்: போன மாதம் அவரே நின்று அடித்த வெள்ளைச் சுவர்.

"ஐயா, இதுவரை பாத்ததெல்லாம் மை ஊத்துற டேங்க் மாடல், செலவு கம்மி" என்றார் கடைக்காரர். "இது ஆறு கலர், போட்டோவுக்குன்னே செஞ்சது. ஆனா வாரம் ஒருதடவையாவது ஓட்டணும். இல்லேன்னா மை காஞ்சு அடைச்சுக்கும்."

"அம்பது வருஷமா பிரஷ் கழுவுறவன்கிட்ட காயிறதைப் பத்திப் பாடம் எடுக்காதே. ஓட்டு."

ஓட்டினார். மேஸ்திரி வாசலுக்குப் போய்த் திரும்பினார். "அதே மஞ்சள்."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஐயா, இந்த மெஷின் எதுலயும் வெள்ளை மையே கிடையாது. வெள்ளை வர்ற இடத்தை அது சும்மா விட்டுடும். நீங்க பாக்குறது பேப்பரோட வெள்ளை."

"அப்ப உன் பேப்பர் மட்டம்."

புதுக் கட்டு ஒன்றைப் பிரித்து, எதுவும் அச்சிடாத தாளை நீட்டினார் கடைக்காரர். "இதைவிட வெள்ளை என்கிட்ட இல்ல."

"பால் மாதிரியில்ல இருக்கு" என்றாள் மனைவி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

மேஸ்திரி அவளை முறைக்கவில்லை. வெற்றுத் தாளோடு வாசலுக்குப் போனார். காய வேண்டிய ஈரம் ஏதுமில்லை; ஆனாலும் வெகுநேரம் நின்றார். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிப் பார்த்தார். பிறகு இடது கண்ணை. மறுபடியும் வலதை.

உள்ளே வந்து இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தனை தாள்களையும் அடுக்கி அவள் மடியில் வைத்தார்.

"எது நல்லாருக்குன்னு நீ பாத்துச் சொல்லு" என்று சொல்லி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.