மெத்தென்ற கைக்கு மசியாத கம்ப்யூட்டர்

என் மனைவி பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ். உள்ளங்கையில் அடங்குகிற குழந்தைகளைத் தூக்கித் தூக்கி அவள் கை பஞ்சாகிவிட்டது. கதவைச் சாத்தினால் சத்தம் வராது. பாத்திரம் கழுவினால் சத்தம் வராது. கோபம் வந்தாலும் சத்தம் வராது, அதுதான் எனக்குப் பெரிய பயம். வீட்டுச் சத்தத்துக்கெல்லாம் நானே மொத்தக் குத்தகை.

முதல் குழந்தையைக் குளிப்பாட்டக் கை நடுங்கும் அம்மாக்களுக்காக அவள் ஒரு கார்ட்டூன் படம் செய்துகொண்டிருந்தாள். ஓய்வு நேரமெல்லாம் அதற்கே போனது. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் அதைப் போட்டுப் பார்ப்பார்கள். பிடித்தால் எல்லா வார்டிலும் ஓடும். அந்த நேரம் பார்த்துப் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. நல்லவேளை, டிஸ்க்கில் படம் பத்திரமாக இருந்தது. கடைசிக் கட்ட வேலையை முடிக்கத்தான் கம்ப்யூட்டர் இல்லை.

"புதுசா நானே அசெம்பிள் பண்றேங்க" என்று பாகங்களை வாங்கி வந்துவிட்டாள்.

சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து, மதர்போர்டைக் கிடத்தி, ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். புராசஸரை வைத்த விதத்தைப் பார்த்தால், தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் விடுகிறாள் என்றே நினைப்பீர்கள். எல்லாம் முடிந்ததும் சுவிட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, நான் விசிலடித்தேன். மானிட்டர் மட்டும் கறுப்பாகவே நின்றது.

உடனே நான் களத்தில் குதித்தேன். வயரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், மானிட்டரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அது மசியவில்லை. அவள் பாட்டுக்கு விளக்கப் புத்தகத்தைப் புரட்டி, ரேம் என்கிற மெமரிப் பட்டைக்குப் பக்கத்தில் எரிந்த சிவப்புப் புள்ளியைக் காட்டினாள்.

"ரேமைத்தான் கண்டுக்க மாட்டேங்குதாம்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றினாள், துடைத்தாள், திரும்ப வைத்தாள். சிவப்பு. வேறு இடத்தில் வைத்தாள். அங்கேயும் சிவப்பு.

"ரேமே கெட்டுப்போயிருக்குங்க. கடைல போன் பண்ணிக் கேட்டேன், மாத்தித் தர ஒரு வாரம் ஆகுமாம்" என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியை மாடியிலிருந்து போட்டிருப்பேன்.

அப்போதுதான் என் மைத்துனி வந்தாள். மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் வேலை. குடும்பத்தில் பெயர் புல்டோசர். அவள் கை பட்டு எங்கள் வீட்டுக் கோப்பைகளில் பாதிக்குக் காது கிடையாது. படத்தை முதல் ஆளாகப் பார்க்க வந்தவள், எங்கள் மூஞ்சிகளைப் பார்த்துவிட்டு நேராகப் பெட்டிக்குள் தலையை விட்டாள்.

"அக்கா, இந்த ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குதே. முழுசா இறங்கவே இல்ல."

"ஏய், தொடாதடி! உடைஞ்சிடும்!"

"நாற்காலிக் கால் மாதிரிதான். ஒரு அழுத்து அழுத்தினா உக்காந்துடும். மாமா, கரன்ட் இல்லையே?"

"பிடுங்கியாச்சு" என்றேன். புல்டோசர் இரண்டு கட்டைவிரலையும் வைத்து ஒரே அழுத்து. போர்டு முனகியது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நான் அதற்கு முன்பே மூடியிருந்தேன்.

டக்.

பிளக்கைச் சொருகினோம். சிவப்புப் புள்ளி எரிந்தது, யோசித்தது, அணைந்தது. மானிட்டர் பளிச்சென்று விழித்துக்கொண்டது! நான் குதித்த குதியில் தொங்கிய விளக்கு தலையில் இடித்தது. அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துச் சுற்றினார்கள். மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து, "பரிசு கிரிசு விழுந்துச்சா?" என்று கேட்டார். "ரேம் விழுந்துச்சு சார்!" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

படம் முடிந்து நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. இருட்டுவதற்குள் தலைமை நர்ஸ் போன் செய்தார். "எல்லா வார்டுலயும் போடறோம்மா. சூப்பர்!" மறுபடியும் குதித்தோம். இந்த முறை நான் விளக்கைத் தள்ளிக் கட்டிவிட்டுக் குதித்தேன்.

புல்டோசர் மட்டும் குதிக்கவில்லை. படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இப்படிக் கை இருக்கறவ குழந்தையத் தூக்கலாமா?"

என் மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எத்தனை மாசம்டி?"

"மூணு. பயமா இருக்குக்கா. யார்கிட்டயும் சொல்லல."

என் மனைவி சோபாவிலிருந்த தலையணையை எடுத்து அந்தக் கைகளில் கிடத்தினாள். புல்டோசர் மூச்சுகூட விடாமல் அதை ஏந்திக்கொண்டாள். விரல்களை மடக்கவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடி. இந்தக் கையிலிருந்து எதுவும் நழுவாது" என்றாள் என் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் மட்டும் அழுத்தாதே."