எனக்குத் தெரியாத இங்கிலீஷ்

குவைத்தில் நர்ஸாக இருந்த என் நாத்தனார் விடுமுறைக்கு வந்தால், நான் கேட்கக் கூடாததை எல்லாம் தன் தம்பியிடம், அதாவது என் கணவரிடம், இங்கிலீஷில்தான் சொல்வாள். எனக்கு அது விளங்காது என்ற தைரியம். ஆனால் எனக்குக் கண் இருந்தது. அவள் "அண்டர்" என்றதும் கணவர் சாக்லேட் டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "பிஹைண்ட்" என்றபோது அது அரிசி டிரம்முக்குப் பின்னால் போனது. இரண்டு இடத்திலும் கைவிட்டு எடுத்துத் தின்றேன். "லேசி" மட்டும் எப்போதும் என்னைப் பார்த்தே வந்தது. அதையும் சேர்த்து, பல வருடமாகச் சொல் சொல்லாகப் படித்துக்கொண்டு வாயை மூடிக் காத்திருந்தேன்.

சென்ற ஆண்டு அவள் மகளைப் பெண் பார்க்கக் குழித்துறையிலிருந்து வந்தார்கள். நான் சாயாவும், நேந்திரம்பழ பஜ்ஜியான பழம்பொரியும் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா இன்னொரு பழம்பொரியை எடுத்ததும், நாத்தனார் சிரித்த முகத்தோடு தம்பியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

அந்த அம்மா பக்கத்தில் நின்ற என்னிடம், "அவிய என்ன சொல்லுகாவ, மக்கா?" என்று கேட்டார்.

"தட்ட உங்க முன்னால இருந்து எடுக்கச் சொல்லுகாவ. இல்லன்னா மொத்தத்தையும் நீங்களே தின்னுருவியளாம்."

ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. அந்த அம்மா கையில் இருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். பின்னாலேயே எல்லோரும் எழுந்து போனார்கள்.

வாசலில் கார் நகர்ந்த பிறகு நாத்தனார் என்னிடம் திரும்பினாள். "ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமாட்டி?"

"நீங்க பேசிப் பேசிப் படிச்சதுதான், மைனி" என்று சொல்லி, மீதியிருந்த பழம்பொரியை அவள் முன்னாலேயே தின்றேன்.